எதிர்ச்சுவர் வெளிச்சம்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி இருபது நிமிடம். மேகம் என்று சொல்ல வானத்தில் ஒன்றும் இல்லை. வெயில் முப்பத்து மூன்று டிகிரி. தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் புல்தரையில், பட்டுச்சேலை கட்டிய என் மனைவியை நிற்கவைத்துப் பதினான்கு படங்கள் எடுத்தேன்.

சூரியன் எடுப்பவனுக்குப் பின்னால் இருக்க வேண்டும், வெயில் எதிரே நிற்பவர் முகத்தில் விழ வேண்டும். படம் எடுப்பதில் எனக்குத் தெரிந்த ஒரே விதி அதுதான். அந்த நேரத்தில் சூரியன் யாருக்கும் பின்னால் இல்லை, எல்லார் தலைக்கும் மேலே இருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், பதினான்கிலும் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள். பூசியிருந்த பவுடர் வியர்வையில் ஊறி நெற்றியிலும் மூக்கிலும் திட்டுத்திட்டாக மின்னியது.

"இது நானா, இல்ல என் மண்டையோடா?" என்று கேட்டுவிட்டு அவள் சேலையை மாற்றப் போய்விட்டாள்.

வெறும் ஆசைக்கு எடுத்த படமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆவணியில் எனக்கு எழுபது நிறைகிறது. பீமரத சாந்தி செய்தே ஆக வேண்டும் என்று செங்காங்கில் இருக்கும் மகன் கோயிலில் நாள் குறித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டான். எங்கள் வழக்கத்தில் இந்த மாதிரி விசேஷத்துக்கு அழைப்பிதழின் முகப்பில் தம்பதியின் படம் இருக்கும். வாங்குகிறவர்கள் தேதியையும் இடத்தையும் அப்புறம்தான் பார்ப்பார்கள், முதலில் படத்தைத்தான் பார்ப்பார்கள். நானூறு பத்திரிகைகள் அடிக்க வேண்டும். ஆகஸ்ட் முதல் தேதிக்குள் படம் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு ஸ்டுடியோவில் எடுத்தோம். அந்த ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர். எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, என் மனைவியின் முகத்தைக் கணினியில் வெளுத்துக் கொடுத்துவிட்டார். அவள் நல்ல கறுப்பு. பத்திரிகையில் இருந்தவளோ உரித்த வெங்காயம் போல இருந்தாள். விசேஷத்தன்று காலையில் மண்டப வாசலில் நின்று இவள்தான் எல்லாரையும் வரவேற்றாள். என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மனைவி, அதற்குமுன் இவளைப் பார்த்தே இராதவர், சந்தனத்தை எடுத்துக்கொண்டு இவளிடமே கேட்டார்: "கார்டுல இருக்கற அம்மா எங்கங்க, உள்ளயா?"

"உள்ளதான் இருக்காங்க, போங்க" என்று இவள் சொல்லி அனுப்பினாள். நான் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப்பின் பத்தாண்டுகள் அவள் எந்தப் படத்திலும் இல்லை. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் என்றால் ஃபோனை வாங்கித் தானே எடுப்பாள், இல்லையென்றால் கேக் வெட்டும் நேரம் பார்த்து அடுப்படிக்குப் போய்விடுவாள். எழுபதாவதுக்குப் பத்திரிகை அடிக்க வேண்டும் என்றபோது எப்படியோ ஒப்புக்கொண்டாள். அந்த ஒப்புதலைத்தான் நான் புல்தரையில் கொண்டுபோய்ப் பாழாக்கினேன்.

அன்று மாலை மகன் வந்தான். இதற்கெல்லாம் கேமராவே வேண்டாம் என்று ஃபோனில் அம்மாவை ஒரு படம் எடுத்து, எதையோ தட்டி, முகத்தை வழவழவென்று ஆக்கிக் காட்டினான். மறுபடியும் அதே வெங்காயம். அவள் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம்தான் சொன்னாள்.

"இங்க பாருங்க. போன தடவ மாதிரி எனக்கு வெள்ளையடிக்கறதா இருந்தா கார்டுல உங்க படத்த மட்டும் போட்டுக்குங்க. இல்லன்னா அந்த வெள்ளக்காரியவே கூப்ட்டு மணையில உட்கார வெச்சுக்குங்க. நான் வாசல்ல நின்னு சந்தனம் குடுக்கறேன்."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று நாற்பத்து மூன்று வருடப் பழக்கத்தில் எனக்குத் தெரியும்.

ஒரு கட்டடத்துக்கு எத்தனை செங்கல், எவ்வளவு சிமென்ட், எத்தனை சதுர மீட்டர் ஓடு என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் முப்பத்தேழு ஆண்டுகள் என் வேலை. எதையும் அளந்துவிடலாம் என்று நம்புகிறவன் நான். அதனால் சமூக மன்றத்தில் படம் எடுக்கப் பழகுவோருக்கான வகுப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமை காலைகளில் நடக்கும், ஆறு வகுப்புகள். நாங்கள் பதினொரு பேர், பாதிக்கு மேல் என் வயதுக்காரர்கள். ஆசிரியை கல்யாணப் படங்கள் எடுக்கும் சீனப் பெண், முப்பதைத் தாண்டியிருப்பார். முதல் நாளே, விளக்குகள் எதுவும் வேண்டாம், இருக்கிற வெளிச்சத்தை வைத்தே எடுக்கப் பழகப்போகிறோம் என்றார். முதலில் வெளிச்சத்தைத் தேடுங்கள், அதற்குப்பின் ஆளைக் கொண்டுவந்து அங்கே வையுங்கள் என்றார். சன்னலிலிருந்து எத்தனை அடி தூரத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டேன். முகத்தைப் பார்த்தால் தெரியும் அங்கிள் என்றார். இது ஒரு பதிலா என்று வீட்டுக்கு வரும்வரை எனக்கு எரிச்சல்.

பார்த்துப் பழக ஒரு முகம் வேண்டுமே. இவளைக் கேட்டால், ஒரே ஒரு தடவைதான் வருவேன், அது பத்திரிகைக்கான தடவையாக இருக்கட்டும் என்றாள். அடுப்படியில் உரித்த தேங்காய் ஒன்று இருந்தது. உருண்டை, கறுப்பு கலந்த பழுப்பு, தோலில் சுருக்கம், முன்னால் மூக்கு மாதிரி ஒரு குடுமி. அதை எடுத்துக் கூடத்துச் சன்னலருகே நாற்காலிமேல் வைத்தேன்.

அந்தத் தேங்காயிடம் நான் கற்றது கொஞ்சமல்ல. சன்னலுக்கு நேராக வைத்தால் தட்டையாக, சுவரில் ஒட்டிய காகிதம் போல இருந்தது. சன்னலுக்கு முழுப் பக்கவாட்டாகத் திருப்பினால் பாதி இருட்டு. கால்வாசி திருப்பும்போதுதான் குடுமியின் நிழல் ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து, தேங்காய் உருண்டை என்பதே படத்தில் தெரிந்தது. நாடாவை வைத்து அளந்தேன். சன்னலுக்கு மிக அருகில் வெளிச்சம் ஒரு பக்கத்தை அடித்துவிடுகிறது, இரண்டு மீட்டருக்கு அப்பால் சோர்ந்துவிடுகிறது, ஒன்றே கால் மீட்டரில் சரியாக இருக்கிறது. பார்த்தால் தெரியும் என்று ஆசிரியை சொன்னதை நான் அளந்து தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

"என்னய விட அதுக்குத்தான் நெறைய போட்டோ எடுக்கறீங்க" என்றாள் என் மனைவி. இரண்டு நாள் கழித்து அதைத் துருவிச் சட்னி வைத்துவிட்டாள். நான் கீழே போய் இன்னொன்று வாங்கி வந்தேன். ஆறு வாரங்களில் இப்படி ஒன்பது தேங்காய்கள்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. படத்தில் தேங்காய் எப்போதும் வெளுத்தே இருந்தது. நாற்காலியில் இருப்பது ஆழ்ந்த பழுப்பு, திரையில் தெரிவது சாம்பல் பூத்த ஏதோ ஒன்று. கேமரா பழையது, இந்தப் படத்துக்காகவே செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ஏமாற்றிவிட்டார்கள் என்று இரண்டு இரவு தூக்கம் கெட்டேன். மூன்றாம் வகுப்பில் ஆசிரியையிடம் காட்டினேன். அவர் தேங்காயைப் பார்த்துச் சிரித்துவிட்டு விளக்கினார். கேமராவுக்கு இது தேங்காய் என்று தெரியாது. எதிரே கறுப்பாக ஒன்று நிறைந்திருந்தால், வெளிச்சம் போதவில்லை என்று எண்ணிக்கொண்டு தானாகவே கூட்டிவிடும். எதிரே வெள்ளைச் சுவர் நிறைந்திருந்தால் குறைத்துவிடும். எல்லாவற்றையும் நடுவாந்திரச் சாம்பலுக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. இல்லை, இது கறுப்புதான் என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். கேமராவின் தலையில் இருந்த, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு சக்கரத்தைத் தொட்டுக் காட்டினார்.

பத்தாண்டுகளாக அந்த ஸ்டுடியோக்காரரை மட்டுமே மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் கை வைப்பதற்கு முன்பே கருவி ஒரு சுற்று வெள்ளையடித்துவிடுகிறது என்பது எனக்குப் புதிய செய்தி. வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகக் கீழே திருப்பி எடுத்தேன். நான்காவது பல்லில் தேங்காய் தன் நிறத்தில் வந்து நின்றது. பழுப்பு, அதற்குள் கொஞ்சம் செம்மை, மேலே மழுங்கிய ஒரு மினுமினுப்பு. அடுப்படியிலிருந்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தேங்காயைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி தேங்காயைப் பார்த்தாள். அடுப்படிக்குத் திரும்பினாள். குறை சொல்ல ஏதாவது இருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள்.

கூடத்துச் சன்னலிலேயே காரியத்தை முடித்துவிடலாம் என்றிருந்தேன். அடுத்த வாரமே எதிர் புளோக்குக்குச் சாயம் பூசும் வேலை தொடங்கி, மேலிருந்து கீழ்வரை பச்சை வலையைத் தொங்கவிட்டார்கள். அன்று தேங்காய் பாசி பிடித்தாற்போல வந்தது. அப்போதுதான் புரிந்தது: என் சன்னலில் நுழைந்துகொண்டிருந்தது வானத்தின் வெளிச்சம் மட்டுமல்ல. எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சேர்ந்துதான் வருகிறது, வரும்போது அந்தச் சுவரின் நிறத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. சாயவேலை எப்போது முடியும் என்று விசாரித்தேன். செப்டம்பர் என்றார்கள்.

அந்தக் கவலையோடுதான் ஞாயிறு காலை பூ வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். கடைவீட்டின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில், கூரை நிழலுக்குள், பூ கட்டும் பெண் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் என்னைவிடக் கறுப்பு. ஆனால் கன்னம், மூக்கு, உதட்டோரம் எல்லாம் செதுக்கினாற்போலத் தெரிந்தன. கண்ணில் வெளிச்சத்தின் ஒரு வெள்ளைப் புள்ளி. வெயில் அவர்மேல் படவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். தெருவுக்கு அந்தப் பக்கத்துக் கடைவீட்டின் மேல்மாடியில் காலை வெயில் முழுதாக விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சுவர்தான் அவருக்கு விளக்கு.

இடம் கிடைத்துவிட்டது என்று துள்ளாத குறை. ஆனால் லிட்டில் இந்தியாவில் வெள்ளைச் சுவருக்கு எங்கே போவது? எல்லாச் சுவரும் கிளிப்பச்சை, மஞ்சள், ஊதா, ரோஜாநிறம். மல்லிகைச் சரத்தை முன்னால் பிடித்துப் பார்த்தேன். ஒரு தெருவில் அது மஞ்சளானது, அடுத்த தெருவில் ரோஜா. முழங்கால் வலியோடு தெருத்தெருவாக நடந்து, ஜாலான் புசார் பக்கம் வந்துவிட்டேன். அங்கே ஒரு தெருவில், புதிதாக வெள்ளையடித்த சிறிய ஹோட்டல் ஒன்று கிழக்கு பார்த்து நின்றது. அதற்கு எதிரே இரும்புச் சாமான் கடை, அதன் அஞ்சடியில் நல்ல நிழல். மல்லிகைச் சரம் அங்கே மல்லிகை நிறத்திலேயே இருந்தது. ஒன்பதரை மணிவாக்கில் வெளிச்சம் உச்சத்துக்கு வந்து, பத்தரைக்கு மேல் தெருவிலேயே வெயில் இறங்கிக் கெட்டுவிடுகிறது. மூன்று ஞாயிறுகள் போய்ச் சரிபார்த்தேன்.

ஜூலை இருபத்தெட்டாம் தேதி போவதென்று முடிவாயிற்று. அதை விட்டால் அடுத்த ஞாயிறு கெடுவைத் தாண்டிவிடும். அன்று காலை அவள் கண்ணாடி முன் நின்று பவுடர் டப்பாவைத் திறந்தாள். அது மட்டும் வேண்டாம் என்றேன். தோலில் விழும் வெளிச்சத்தைப் பவுடர் தின்றுவிடும், சாம்பலாகக் காட்டும் என்று காரணமும் சொன்னேன்.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "பவுடர் போடாம என்னய யாரும் போட்டோ எடுத்ததில்ல" என்றாள். "பொண்ணு பாக்கறதுக்குக் குடுத்த போட்டோவுக்கு எங்கம்மா மூணு கோட்டிங் போட்டாங்க."

"தெரியும். அந்தப் போட்டோவப் பாத்து நான் வரல. வந்துதான் உன்னப் பாத்தேன்."

டப்பாவை மூடிவிட்டாள்.

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு நாங்கள் ஜாலான் புசாரில் இருந்தோம். முக்காலியை நிறுத்திக் கேமராவைப் பொருத்தினேன். ஒன்பது இருபதுக்குச் சூரியனை மேகம் மூடிக்கொண்டது. எதிர்ச்சுவர் சட்டென்று அழுக்கு வேட்டியின் நிறத்துக்குப் போனது. பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒன்றும் விலகவில்லை. மழை வருமா என்று ஃபோனில் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். பட்டுச்சேலையோடு தெருவோரம் நிற்பவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் இரும்புக் கடை திறந்தது. கடைக்காரர் தமிழ் முஸ்லிம், என் வயதுதான் இருக்கும். தம் கடை வாசலில் முக்காலியும் பட்டுச்சேலையுமாக எங்களைப் பார்த்துச் சற்றுத் திகைத்தார். நான் மன்னிப்புக் கேட்டு விஷயத்தைச் சொன்னேன். இதற்கென்ன என்று உள்ளே போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அவளுக்குப் போட்டார். அவள் உட்கார்ந்ததும் சும்மா இருக்கவில்லை. எங்கள் அடுப்படி அலமாரிக் கதவு ஒன்று தொங்கிப்போய் மாதக்கணக்காகிறது. கீல் என்ன விலை என்று கேட்டாள். ஜோடி ஒன்பது டாலர், எங்கள் பேச்சில் ஒன்பது வெள்ளி, என்றார்.

"என்ன பாய், தோ பாயோல ஆறுக்குத் தர்றாங்க."

"அந்த ஆறு வெள்ளிக் கீல் ஆறு மாசத்துல கையோட வந்துரும்மா. இது உங்க பேத்தி காலம் வரைக்கும் நிக்கும் லா."

"பேத்தி வந்து உங்ககிட்ட கம்ப்ளெய்ன்ட் பண்ணமாட்டான்னு தைரியமா பாய்?"

அவர் சிரித்தார். அவளும் தலையை நிமிர்த்தி, விலை படியாமல் விடுவதில்லை என்ற முகத்தோடு சிரித்தாள். அந்த நொடியில் மேகம் விலகியது. எதிர்ச்சுவர் முழுவதும் வெள்ளையாக எரிந்தது. அவள் முகத்தில் இடப்பக்கமிருந்து வெளிச்சம் ஏறி, மூக்கின் நிழல் வலக்கன்னத்தில் மெல்லச் சாய்ந்தது. சக்கரம் நான்காம் பல்லில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு அமுக்கினேன். மூன்று முறை. கீல் ஜோடி ஏழு வெள்ளிக்குப் படிந்தது. இரண்டு ஜோடி வாங்கினாள்.

கேமராவை அவளிடம் கொடுத்தேன். பின்னால் இருந்த சிறு திரையில் அவள் இருந்தாள். நான் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேனே, அவள். நாவற்பழ நிறம், நெற்றியில் குங்குமம், கண்ணோரத்தில் சுருக்கம், மூக்குத்தியில் ஒரு துளி வெள்ளை, பேரம் பேசும் வாய். அவள் இரண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். கடைக்காரரிடம் காட்டினாள். "அம்மா அப்டியே இருக்கீங்க" என்றார் அவர்.

"அப்டியேதான் இருக்கேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? வந்து உட்காருங்க. கார்டுக்கு ரெண்டு பேரும் வேணும்ல" என்றாள்.

கடைக்காரர் அவள் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலைப் போட்டார். தானாக எடுக்கும்படி கேமராவைப் பத்து விநாடிக்குத் திருப்பிவிட்டு ஓடினேன். முதல் படத்தில் என் முதுகு, இரண்டாவதில் பாதி உட்கார்ந்த நான், மூன்றாவதில் கண்ணை மூடிய நான். நான்காவது நன்றாக வந்தது. அதில் என் சட்டைப் பொத்தான் ஒன்று மாறியிருக்கிறது. அதை யாரும் பார்க்கப்போவதில்லை என்று அவள் சொன்னாள், அதுவும் உண்மைதான்.

மறுநாளே இருவருமாக அச்சகத்துக்குப் போனோம். லிட்டில் இந்தியாவில், சேலைக் கடை ஒன்றின் மேல்மாடி. அங்கிருந்த இளம்பெண் படத்தைத் திரையில் திறந்து, அழகாக இருக்கிறது என்றார். அடுத்த மூச்சில், பழக்கத்தில் கையை மவுஸின்மேல் வைத்து, "ஆன்ட்டிய மட்டும் கொஞ்சம் ப்ரைட் பண்ணிடறேன் அங்கிள். எல்லாருக்கும் பண்றதுதான், ஃப்ரீதான்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அழுத்தமாக அல்ல, பிள்ளையைப் பிடிப்பதுபோல.

"தொடாதம்மா. அந்த நெறத்தக் கொண்டுவர இவரு ரெண்டு மாசம் தேங்காயக் கும்பிட்டிருக்காரு. ஒரு புள்ளி வெள்ள ஏறுச்சு, நானூறு கார்டையும் நீயே வெச்சுக்க."

பெண் கையை எடுத்துவிட்டார். எழுத்து எந்த நிறத்தில் வேண்டும் என்று கேட்டார். நான்தான் அரக்கு என்றேன், அதற்குக்கூட அவள் மறுப்புச் சொல்லவில்லை. மாதிரித் தாள் வந்ததும் சன்னலருகே கொண்டுபோய், தன் முன்கையைப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சரி, அடிக்கச் சொல்லுங்கள் என்றாள்.

செப்டம்பர் எட்டாம் தேதி விசேஷம். வாசலில் யாரை நிறுத்துவது என்ற பேச்சே எழவில்லை. அவளாகப் போய் நின்றுகொண்டாள். மகனின் அலுவலகத்திலிருந்து பெண் ஒருவர் வந்தார். எங்கள் வீட்டில் யாரையும் அவர் பார்த்ததில்லை. வாசலில் என் மனைவியின் தங்கைகள், சம்பந்தி, உறவுக்காரப் பெண்கள் என்று ஏழு பேர் பட்டும் நகையுமாக நின்றிருந்தார்கள். அவர் யாரையும் கேட்கவில்லை. நேராக இவளிடம் வந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வாழ்த்துக்கள் ஆன்ட்டி" என்றார்.

அன்று இவள் எத்தனை படங்களில் நின்றாள் என்று எண்ணத் தொடங்கி, நூற்றுப்பத்துக்கு மேல் விட்டுவிட்டேன். பேரப்பிள்ளைகளோடு, சம்பந்தியோடு, சமையற்காரரோடுகூட நின்றாள். யார் ஃபோனை நீட்டினாலும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, மண்டபத்துச் சன்னலுக்குக் கால்வாசி திரும்பி நின்றாள்.

ஸ்டுடியோவில் நூற்றைம்பது வெள்ளியோடு முடிந்திருக்கும் வேலை என்று மகன் இன்னமும் சொல்கிறான். வாங்கியது, கட்டியது, தின்றது, குடித்தது எல்லாவற்றையும் கூட்டினால், அந்த ஒரு படத்துக்கு எனக்கு ஆன செலவு ஆயிரத்து எழுபத்தொன்பது வெள்ளி பத்துக் காசு.